ஃப்ரீபிளேன்: கட்டுரை நகராதபோது நான் திறக்கும் மென்பொருள்

கள விவரங்களை வைத்து நீளமாகக் கட்டுரை எழுதுகிறவர்கள் மனவரைபடம் (நடுவில் ஒரு சொல்லை வைத்து, அதிலிருந்து எண்ணங்களைக் கிளை கிளையாக விரிக்கும் படம்) போட ஒரு மென்பொருள் சொல்லுங்கள் என்று கேட்டால், நான் ஃப்ரீபிளேனைத்தான் சொல்கிறேன். இலவசம். கணக்குத் தொடங்க வேண்டாம், இணையம் வேண்டாம், கோப்பு நம் கணினியிலேயே இருக்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மதுரையிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். கைத்தொழில், சந்தை, ஊர் வரலாறு, சாப்பாடு, இந்த மாதிரி விஷயங்கள். எனக்கு எழுத்து முடங்குவது விஷயம் இல்லாமல் அல்ல, விஷயம் கூடிப்போய்த்தான். குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக இருக்கும், கைப்பேசியில் பேட்டிகளின் ஒலிப்பதிவு இருக்கும், ஆனால் முதல் வரி வராது. முதல் வரியை எழுத வேண்டுமென்றால் எது முதலில் வரும், எது பின்னால் வரும், எதை விட்டுவிடுவது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அங்கேதான் கை நின்றுவிடுகிறது. மனவரைபடம் இந்த முடிவுகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. வரிசையைப் பற்றி யோசிக்காமல் முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பலாம். அப்புறம் எது எதோடு சேர்கிறது என்று பார்க்கலாம். வரிசை கடைசியில் வந்தால் போதும்.

சுங்குடிச் சேலையைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். இந்த மென்பொருள் எந்த இடத்தில் கைகொடுத்தது என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கிக் காயவைத்து, பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி நிற்கும். ஒரு சேலையில் இப்படி ஆயிரக்கணக்கில் புள்ளிகள். நாயக்கர் ஆட்சியில் மதுரையில் நிலைபெற்ற சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் இது. முடிச்சுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருந்தே வேலை செய்யும் பெண்கள். சாயம் போடும் கை வேறு, விற்கும் கை வேறு. இன்றைக்குக் கடைகளில் சுங்குடி என்று அடுக்கியிருப்பதில் மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான் அதிகம். சின்னாளபட்டிச் சுங்குடி தனிக் கதை. இத்தனையும் என் கையில் இருந்தது. நாயக்கர் காலத்தில் தொடங்கினால் பாடப்புத்தகம் போல ஆகிவிடும். கடையில் தொடங்கினால் விளம்பரம் போல ஆகிவிடும். அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

புதிய படம் ஒன்றைத் திறந்து, நடுவில் சுங்குடி என்று தட்டினேன். டேப் விசையை அழுத்தினால் அதிலிருந்து ஒரு கிளை வருகிறது. சொல்லைத் தட்டி ஒரு என்டர் கொடுத்தால் அது பதிந்துவிடும், இன்னொரு என்டர் கொடுத்தால் பக்கத்திலேயே அடுத்த கிளை வந்துவிடும். முடிச்சு, சாயம், தண்ணீர், கூலி, அச்சுச் சேலை, கடை, வரலாறு என்று வந்த வேகத்தில் போட்டுக்கொண்டே போனேன். சுட்டியைத் தொடவே வேண்டாம். தட்டச்சு நின்று, எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று தேடத் தொடங்கினால் யோசனை அறுந்துபோகும். இந்த மென்பொருளில் எனக்கு மிகப் பிடித்தது இந்த வேகம்தான்.

தண்ணீர் என்ற கிளைக்குக் கீழே வைகை, கிணறு, சாயக்கழிவு, காயப்போடும் இடம் என்று நான்கு வந்தன. வைகைத் தண்ணீருக்குத்தான் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் சொல்வார்கள், அதையும் அங்கேயே போட்டேன். அச்சுச் சேலைக்குக் கீழே விலை, வேகம், புள்ளியின் வடிவம், முடிச்சின் சுருக்கம் இல்லாதது. கூலி என்ற கிளைதான் நீண்டுகொண்டே போனது. ஒரு சேலைக்கு எத்தனை நாள், யார் பணம் கொடுக்கிறார்கள், கண் வலி, வீட்டு வேலைக்கு நடுவில் கிடைக்கும் நேரம், மகள்கள் ஏன் கற்றுக்கொள்ளவில்லை, இப்படி.

படம் நிறைந்த பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். நூலகத்தில் அதிக நேரம் செலவழித்தது வரலாற்றுக்குத்தான், ஆனால் அந்தக் கிளை குட்டையாக நின்றது. கூலிக் கிளை திரைக்கு வெளியே போயிருந்தது. எனக்கு எதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது என்பது அந்த நீளத்திலேயே தெரிந்துவிட்டது. அச்சுச் சேலையின் கீழ் இருந்த வேகத்தையும் கூலியின் கீழ் இருந்த நாட்களையும் ஒரு இணைப்புக் கோட்டால் சேர்த்தேன். முடிச்சுப் போடவே பல நாள் பிடிக்கும் சேலையும், மளமளவென்று அச்சடித்து எடுக்கும் சேலையும் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் இருந்தால், முடிச்சுப் போடும் பெண்ணின் கூலியை எது தீர்மானிக்கும்? கட்டுரை அந்தக் கேள்வியில்தான் இருந்தது. முதல் பத்தியை முடிச்சு அவிழ்க்கும் வேலையில் தொடங்கினேன். நாயக்கர் காலம் நடுவில் இரண்டே வாக்கியமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

காகிதத்தில் போட்டிருந்தாலும் இதே கேள்வி வந்திருக்குமா? வந்திருக்கலாம். உண்மையில் முதல் கட்டத்துக்குக் காகிதமும் பேனாவும் நல்லவையே. இந்த முறையைப் பரப்பிய டோனி புசான் காகிதத்தைத்தான் வலியுறுத்தினார். இங்கிலாந்துக்காரர், 1974-இல் வந்த பிபிசி தொலைக்காட்சித் தொடர் மூலம் இதைப் பிரபலமாக்கியவர், 2019-இல் காலமானார். கோடு போடாத வெள்ளைத் தாளைப் படுக்கைவாக்கில் வை, நடுவில் ஒரு படம் வரை, குறைந்தது மூன்று நிறம் பயன்படுத்து, கிளைகளை வளைவாக இழு, ஒரு கிளைக்கு ஒரே ஒரு சொல் என்பவை அவர் விதிகள். இவற்றில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கடைசி விதி. ஒரு கிளையில் முழு வாக்கியம் எழுதினால் அது முடிந்துபோன விஷயமாகிவிடுகிறது, அதிலிருந்து அடுத்த கிளை முளைப்பதில்லை. கூலி என்று ஒற்றைச் சொல்லாக வைத்தால் ஐந்து பக்கம் இழுக்கும். நிறத்தையும் வளைவையும் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் இது புதிதல்ல. அரசுப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி முறையில் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள், பாடத்தைப் படித்ததும் மனவரைபடம் வரைவது, அப்புறம் அதைக் குழுவாகத் தொகுப்பது என்று வரிசையாகச் சொல்வார்கள். நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கும் என் தோழி பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதே இப்படித்தான். கணினியில் ஃப்ரீபிளேனைக் காட்டியபோது, "அக்கா, எங்க பிள்ளைகளுக்கு சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். அவங்க பேசப்போறது மூணு நிமிஷம்தானே" என்றாள். அவள் சொன்னது சரி. மூன்று நிமிடப் பேச்சுக்கு, ஒரு சிறுகதைக்கு, ஒரு பக்கக் கட்டுரைக்கு மென்பொருள் தேவையில்லை. விஷயம் ஒரு தாளில் அடங்காதபோதும், ஒரே விஷயத்துக்கு வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும்போதும்தான் இது வேண்டும்.

அப்படித் திரும்பி வரும்போது உதவுவது மடக்கும் வசதி. ஒரு கிளையில் நின்று ஸ்பேஸ் விசையைத் தட்டினால் அதன் கீழ் உள்ளதெல்லாம் மடங்கி மறைந்துவிடும். மறுபடி தட்டினால் விரியும். சாயத்தைப் பற்றி யோசிக்கும்போது மற்ற எல்லாவற்றையும் மடக்கிவிட்டு அந்த ஒரு கிளையோடு மட்டும் இருக்கலாம். நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள படத்தைக் கண்டு மிரளாமல் இருப்பதற்கு எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருக்கிறது. ஒரு கிளையை இழுத்து இன்னொன்றின் கீழ் போட்டால் அதன் குடும்பமே கூட வரும். கன்ட்ரோல் விசையோடு மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் கிளை மேலும் கீழும் நகரும். கட்டுரையின் வரிசையை நான் முடிவு செய்வது இந்த நகர்த்தலில்தான். தாளில் இதைச் செய்ய வேண்டுமென்றால் முழுவதையும் மறுபடி வரைய வேண்டும்.

அடுத்து, எல்லோரும் கவனிக்காமல் விடும் ஒரு வசதி: அடையாளப் படங்களும் வடிகட்டியும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்ன அடையாளப் படத்தை ஒட்டலாம். நான் உறுதி செய்ய வேண்டிய விவரம் எதுவானாலும் அதில் கேள்விக்குறி ஒட்டிவிடுவேன். ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன வருடம், கேள்விப்பட்ட விலை, எழுத்துக்கூட்டல் சந்தேகமுள்ள ஊர்ப் பெயர், எல்லாவற்றுக்கும். கட்டுரை முடியும் தறுவாயில் வடிகட்டியில் கேள்விக்குறி உள்ள கிளைகளை மட்டும் காட்டச் சொன்னால் அவை மட்டும் திரையில் நிற்கும். அதை வைத்துக்கொண்டு தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சரிபார்ப்பேன். உதவி ஆசிரியர் கேட்பதற்கு முன்னாலேயே பதில் கையில் இருக்கும். தகவல் சார்ந்து எழுதுகிற எவருக்கும் இந்த ஒரு காரணத்துக்காகவே ஃப்ரீபிளேனைப் பரிந்துரைப்பேன்.

ஒவ்வொரு கிளைக்கும் தனியாகக் குறிப்பு எழுதும் இடமும் உண்டு. கிளையில் ஒற்றைச் சொல், குறிப்பில் பேட்டியில் அவர் சொன்ன முழு வாக்கியம் என்று நான் பிரித்து வைக்கிறேன். படம் சுத்தமாக இருக்கும், சொன்னவரின் வார்த்தையும் தொலையாது.

எழுதத் தொடங்கும்போது ஒரு கிளையை நகலெடுத்து லிப்ரே ஆபீஸிலோ வேர்டிலோ ஒட்டினால் அது படிநிலைப் பட்டியலாக வந்து விழும். அதன் மேலேயே எழுதத் தொடங்கிவிடலாம். தலைகீழாகவும் நடக்கும்: நோட்பேடில் டேப் இடைவெளி விட்டு எழுதிய பட்டியலை ஃப்ரீபிளேனில் ஒட்டினால் அது கிளைகளாக மாறிவிடும். பேருந்தில் போகும்போது கைப்பேசியில் தட்டி வைத்ததை வீட்டுக்கு வந்து இப்படித்தான் சேர்க்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீமைண்ட் என்று முன்பு பலர் பயன்படுத்திய திறந்தமூல மென்பொருள் ஒன்று உண்டு. அதில் பங்களித்த திமித்ரி பொலிவாயெவ் அதிலிருந்து கிளைத்து உருவாக்கியதுதான் ஃப்ரீபிளேன். ஜாவாவில் எழுதப்பட்டது, அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்புகள் எம்எம் என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. உள்ளே இருப்பது சாதாரண எக்ஸ்எம்எல் எழுத்து. நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் கோப்பை ஒரு நோட்பேடில் திறந்து என் சொற்களைப் படித்துக்கொள்ளலாம். பல வருடக் குறிப்புகளை ஒரு நிறுவனத்தின் சர்வரில் வைத்துவிட்டு, அது சந்தாவை ஏற்றும் நாளுக்குப் பயந்துகொண்டிருக்க எனக்கு மனமில்லை.

இனி குறைகள். முகப்பு பழைய பாணியில் இருக்கிறது. மெனுவைத் திறந்தால் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சூத்திரம், நிரல், நினைவூட்டல், கடவுச்சொல் போட்ட கிளை என்று ஏகப்பட்டது இருக்கிறது. எழுத்தாளருக்கு இதில் முக்கால்வாசி வேண்டாம், ஆனால் எது வேண்டாம் என்று தெரிவதற்குக் கொஞ்ச காலம் ஆகும். கைப்பேசிக்கென்று அவர்கள் வெளியிட்ட செயலி கிடையாது. இரண்டு பேர் வெவ்வேறு ஊரிலிருந்து ஒரே படத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்யவும் முடியாது. குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு மைண்ட்மைஸ்டர், காகிள் போல உலாவியில் இயங்குபவைதான் பொருந்தும், ஆனால் அவற்றின் இலவசக் கணக்கில் வரம்புகள் உண்டு. படம் அழகாக வர வேண்டும், கூட்டத்தில் காட்ட வேண்டும், கைப்பேசியிலும் வேண்டும் என்றால் எக்ஸ்மைண்ட். அதன் வடிவமைப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, முழு வசதிக்குப் பணம் கட்ட வேண்டும்.

இன்னொரு வரம்பு ஃப்ரீபிளேனுடையது மட்டுமல்ல, மனவரைபடம் என்ற முறைக்கே உள்ளது. எல்லாம் நடுவிலிருந்து பிரிந்து போகிறது. ஒரு விஷயத்துக்கு ஒரே பெற்றோர். ஆனால் நிஜத்தில் தண்ணீர் சாயத்தோடும் சேரும், கழிவோடும் சேரும், தொழில் இடம்பெயர்வதோடும் சேரும். இணைப்புக் கோடு போட்டு அதன் மேல் ஒரு சொல்லும் எழுதலாம் என்பதால் ஓரளவு சமாளிக்கலாம். கோடுகள் கூடினால் படம் சிக்கிய நூல்கண்டாகிவிடும். காரண காரியத்தை வரைய வேண்டிய விஷயமாக இருந்தால் கருத்து வரைபடம்தான் சரி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் நோவாக் 1970-களில் உருவாக்கிய முறை அது. அதில் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு இணைப்புச் சொல் இருக்கும்: தண்ணீர் கெடுவதால் சாயப்பட்டறை நகர்கிறது, என்பது மாதிரி. அதற்கு சிமேப்டூல்ஸ் என்று தனி மென்பொருள் இருக்கிறது, ஃப்ளோரிடாவில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று இலவசமாகத் தருகிறது. சுற்றுச்சூழல் கட்டுரைகளுக்கு நான் அதைத் திறக்கிறேன்.

மனவரைபடம் போட்டால் நினைவாற்றல் பெருகும், மூளையின் இரண்டு பக்கமும் விழிக்கும் என்றெல்லாம் விற்கிறார்களே, அந்தப் பேச்சை வைத்து இதை வாங்க வேண்டாம், பழக வேண்டாம். 2002-இல் மெடிக்கல் எஜுகேஷன் என்ற ஆய்விதழில் ஒரு சோதனை வந்தது. 50 மருத்துவ மாணவர்களுக்கு 600 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைக் கொடுத்து, பாதிப் பேரை மனவரைபடம் போட்டும் மீதிப் பேரை அவரவர் வழக்கப்படியும் படிக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மனவரைபடக் குழுவுக்கு நினைவு ஓரளவு கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த முறையில் படிக்க அவர்களுக்கு ஊக்கம் குறைவாக இருந்தது. படித்ததை நினைவில் வைப்பது பற்றிய சோதனை அது, புதிதாக எழுதுவது பற்றியது அல்ல. அதில்கூட ஊக்கம் குறைந்தது என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். கட்டாயப்படுத்தி வரைய வைத்தால் இதுவும் இன்னொரு வீட்டுப்பாடம்தான். உங்களுக்கு வரிசையாகப் பட்டியல் போட்டாலே எழுத்து வருகிறது என்றால் அதை மாற்ற வேண்டியதில்லை.

கவிதைக்கு இது எனக்கு உதவியதே இல்லை. கதை எழுதும் நண்பர்கள் சிலர் பாத்திரங்களின் உறவுமுறையை வைத்துக்கொள்ள மட்டும் பயன்படுத்துகிறார்கள், கதையின் நகர்வுக்கு அல்ல. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கதைக்குக் காலம் வேண்டும், இந்தப் படத்தில் காலம் இல்லை.

நிறுவப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஃப்ரீபிளேனின் சொந்தத் தளத்திலிருந்தோ சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். விண்டோஸுக்கு ஜாவா சேர்ந்தே வரும் பதிப்பு இருக்கிறது, அதை எடுத்தால் ஜாவாவைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம். பென் டிரைவில் வைத்து ஓட்டும் பதிப்பும் உண்டு. அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு அது வசதி. திறந்ததும் முதல் வேலையாகக் கிளைகளுக்கான எழுத்துருவை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றி, அளவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஈகாரச் சுழியும் ஒற்றுப் புள்ளியும் சிறிய அளவில் கண்ணுக்குச் சிரமம். தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு வேகம் இன்னும் கூடும்.

அப்புறம், டேப், என்டர், ஸ்பேஸ், எஃப்2 இந்த நான்கு விசைகளைத் தவிர முதல் மாதம் வேறு எதையும் தொட வேண்டாம். எஃப்2 எழுதியதைத் திருத்த. நிறம், கிளைகளைச் சுற்றிப் போடும் மேகம், வடிவம் எல்லாம் அங்கேயே இருக்கும், முதல் கட்டுரை அச்சில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.